முகத்துவாரத்து மலை

"இங்கே கொஞ்சம் மூச்சு வாங்கணும்," என்றார் விஜயராகவன்.

சடையனுக்கு மூச்சு வாங்கவில்லை. ஓடத்திலிருந்து இறங்கி இருபது அடிதான் நடந்திருந்தார்.

"எதுக்கு சார்?"

"ஏற்றத்தில் மூச்சு வாங்கும் இடம்னு படிவத்துல ஒரு வரி இருக்கு." விஜயராகவன் நின்று, இரண்டு முறை மூச்சு வாங்கி, அதைக் குறித்துக்கொண்டார்.

அவர்கள் நின்றது மணல் மேடு. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தை அது மூன்று வருடமாக அடைத்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் குப்பத்தின் அறுபது பைபர் படகுகள் சேற்றில் உட்கார்ந்திருந்தன. அந்தப் பக்கம் கடல். மணலை வெட்டி வழிவிடச் சொல்லி ஊர்த் தலைவர் சடையன் பொன்னேரிக்குப் பஸ் ஏறிப் பதினேழு மனு கொடுத்திருந்தார். அதிகாரி வந்திருக்கிறார் என்று கேட்டதும் தானே ஓடம் தள்ளிக் கூட்டிவந்தார். வந்தவர் வேறு அதிகாரி என்பது மேட்டில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

விஜயராகவன் மலைவனப் பயணத் திட்டத்தின் துணை அலுவலர். நகரத்து மக்கள் யாருமற்ற மலையில் நான்கு நாள் நடந்தால் மனம் தெளிவார்கள் என்று மேலிடம் கண்டறிந்திருந்தது. ஒவ்வொரு தாலுகாவும் தன் மலையில் அப்படியொரு பயணத்தைத் திட்டமிட்டு அனுப்பவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. மலை இல்லாத தாலுகா என்ன செய்யவேண்டும் என்று அதில் இல்லை. ஆகவே மலை இல்லாத தாலுகாவும் இல்லை.

"இது மலை இல்ல சார். மண்ணு."

"மலையெல்லாம் எதால ஆனதுன்னு நினைச்சீங்க?"

விஜயராகவன் அளவுகோலை நட்டுப் பார்த்து, உயரம் நாலாயிரத்து இருநூறு என்று எழுதினார்.

"ஆளு மூணு பேர் உயரம்கூட இல்லியே சார்."

"ஆயிரத்துக்குக் கீழே போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. மில்லிமீட்டர்ல போட்டேன். அலகு என்னன்னு அது கேக்கலை." அடுத்த வரிக்குப் போனார். "வனவிலங்கு?"

"நண்டு கீது."

"தாக்குமா?"

"கைய வுட்டா கடிக்கும்."

தாக்கும் என்று எழுதினார். "மனித நடமாட்டம்?"

"முன்னாடி விடிஞ்சா அறுபது படகு இந்த வழியா கடலுக்குப் போவும் சார். இப்போ ஒரு ஈ காக்கா கிடையாது."

"ரொம்ப நல்லது," என்றார் விஜயராகவன் மனப்பூர்வமாக.

மேட்டின் நீளம் அறுநூறு மீட்டர். பயணம் நான்கு நாள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது மீட்டர் என்று வகுக்கப்பட்டது. அதற்கு மேல் நடந்தால் மலை தீர்ந்துவிடும்.

அடுத்த மாதமே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கணுக்கால் வரை பூட்ஸ், இரண்டு கையிலும் மடக்குக் கம்பு, முதுகில் ஆளைவிடப் பெரிய மூட்டை. காலையில் நூற்றைம்பது மீட்டர் நடந்தார்கள். மீதிப் பொழுது அதைப் பற்றிப் பேசினார்கள். வழிகாட்டியாகக் குப்பத்துக் குடும்பம் ஒன்று கூடவே இருக்கவேண்டும், அதற்கு நாள் கூலி உண்டு என்று உத்தரவில் இருந்தது.

எந்தக் குடும்பம் என்று ஊரில் யாரும் சண்டை போடவில்லை. ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களைக் குலுக்கல் போட்டு முறை வைத்துக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். ஒரு இடம் பாட்டில் சேர்ந்துவிட்டால் கடைசிக் குடும்பத்தின் முறை முடியும்வரை அதை யாரும் கலைக்கக் கூடாது. ஊர் கூடி மலையையும் பாட்டில் சேர்த்தது. எண்பத்துநாலு குடும்பம். ஆளுக்கு நாலு நாள். குலுக்கல் சீட்டைச் சடையனே எழுதிப் போட்டார்.

அவருக்கு விழுந்தது இருபத்தோராவது பாடு. அவர் மனைவி முனியம்மாள் முதல் நாளே கூடையோடு மேட்டுக்கு வந்துவிட்டாள். வித்யா என்ற பயணி ஒரு பொட்டலத்தைக் கிழித்து வெந்நீரில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமா அது?"

"சாப்பாடுக்கா. மலையில இதான் சாப்பிடணும்."

"கூடையில மடவ துள்ளுது, நீ இன்னாத்துக்கு மாவு கரைக்கிற? குழம்பு வச்சித் தரேன்."

"மலையில மீன் கிடைக்காதேக்கா."

முனியம்மாள் கூடையைப் பார்த்தாள், வித்யாவைப் பார்த்தாள். "இவங்களுக்கு மனசு தெளியறதுக்குள்ள நமக்குக் கலங்கிடும்," என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாம் நாள், மூன்று வருடத்து மனுக்களுக்குப் பதில் வந்தது. மணல் வெட்டும் இயந்திரம் கரையில் வந்து நின்றது. ஓட்டுநர் உதயகுமார் உத்தரவை நீட்டினார்.

"முகத்துவாரம் வெட்டணும்னு கீது. எங்கங்க அது?"

"இந்த மலைக்கு அடியில," என்றார் சடையன். சொன்ன பிறகுதான் தன் வாயில் மலை என்று வந்தது அவருக்குத் தெரிந்தது.

"மலை வெட்டலாமா? கேட்டுச் சொல்லுங்க தலைவரே."

சடையன் விஜயராகவனுக்குப் போன் போட்டார். "தாராளமா வெட்டுங்க," என்றார் அவர். "துறைக்கு ஆட்சேபணையே இல்லை. பள்ளத்தாக்குப் பயணம்னு தலைப்பை மாத்திக்கிறேன். ஊர் சம்மதம் மட்டும் எழுதி வாங்கிடுங்க."

அரை மணியில் ஊர் கரைக்கு வந்தது. பாடு முடிந்த இருபது குடும்பமும், "வெட்டு, வெட்டு, கடலுக்குப் போவணும்," என்றது.

"ஏன் சொல்லமாட்ட? நீ துன்னுட்ட," என்றான் தேவேந்திரன். அவனுடையது எண்பத்துநாலாவது பாடு. "நடுப் பாட்டுல இடத்தக் கலைக்கிறது எந்த ஊரு நியாயம்? தலைவரே, நீயே சொல்லு."

எல்லோரும் சடையனைப் பார்த்தார்கள். முனியம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "யோவ், மூணு வருசமா அலைஞ்ச. மிசினு கண்ணு முன்னால நிக்குது."

சடையன் இயந்திரத்தைப் பார்த்தார். அதன் பின்னால் கடல் தெரிந்தது. மேட்டில் பயணிகள் இரண்டாம் கூடாரம் அடித்திருந்தார்கள். இன்னும் முன்னூறு மீட்டர் பாக்கி.

"பாடுன்னா பாடுதான்," என்றார். "சுத்து முடியட்டும்."

"அப்போ எப்பங்க வரட்டும்?" என்றார் உதயகுமார்.

"அடுத்த வருசம். இல்லன்னா நான் மனு எழுதிப் போடறேன்."

"நீங்க எழுதினதுக்குத்தாங்க வந்தேன்."

"தெரியும்பா. மறுபடி எழுதறேன்."

உதயகுமார் இயந்திரத்தைத் திருப்பினார். சக்கரம் மணலில் கொஞ்சம் புதைந்தது. பாடு முடிந்தவர்களும் முடியாதவர்களும் சேர்ந்து தள்ளிவிட்டார்கள். அது பொன்னேரிச் சாலையில் ஏறிப் போனது.

சடையன் மேட்டுக்குத் திரும்பியபோது வித்யா காத்திருந்தாள்.

"அண்ணா, நாளைக்கு இறக்கம் ஆரம்பிக்குது. ஒருத்தரோட ஒருத்தர் கட்டிக்கிட்டு இறங்கணும்னு போட்டிருக்கு. கயிறு இருக்குமா?"

"கீதும்மா."

மேட்டடியில் அவருடைய பைபர் படகு இருந்தது. அதன் நங்கூரக் கயிற்றை அவிழ்த்து, சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். படகு இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் மேலே வந்து வித்யாவிடம் கயிற்றின் ஒரு முனையைக் கொடுத்தார்.