சாசனம் எழுதிய கரடிகளும் சுட்டி எருமையின் கன்றும்

அமெரிக்கா என்று பெயரைச் சொன்னால் விசா கிடைக்காது. ஆகவே, ஒரு காட்டில் கரடிகள் வாழ்ந்தன என்று வைத்துக்கொள்வோம்.

அந்தக் காட்டுக்கு ராஜா சிங்கம்தான். ஆனால் அவர் இருந்தது கடலுக்கு அந்தப் பக்கம். "தேன் எடுக்கணும்னா முத்திரை ஒட்டின படிவம் வேணும்" என்று அங்கிருந்தே ஓலை அனுப்பினார். கரடிகள் படிவங்களை மூட்டை கட்டிக் கடலில் வீசின. ராஜா படை அனுப்பினார். அதையும் அடித்து விரட்டின.

சரி, ராஜா ஒழிந்தார். இனி சட்டம் வேண்டுமே. காட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தது நரி ஒன்றுதான்.

"புதுசா எதுக்கு யோசிக்கணும் அண்ணே?" என்றது நரி, கரடித் தலைவர் தேனப்பரிடம். "ஐந்நூறு வருஷம் முந்தி அந்தக் கரையில உங்க முப்பாட்டன்மாரு ஒரு சிங்கத்தைப் புல்வெளியில மடக்கிக் கைநாட்டு வாங்கின ஓலை இருக்கு. ஜெராக்ஸ் எடுத்தாப் போதும்."

எடுத்தார்கள். முதல் வரி இது: 'கட்டப்படாத மிருகம் எதையும் விசாரணை இல்லாமல் கட்டக் கூடாது.' படிக்கக் கேட்டுக் கரடிகள் கண்கலங்கின.

தேனப்பர் ஒன்றே ஒன்று சேர்த்தார். அதிகாரமெல்லாம் ஒரே மரத்தில் இருந்தால் மறுபடி ராஜா முளைத்துவிடுவாராம். அதனால் சட்டம் போடுகிற கரடி ஆலமரத்தில், நடத்துகிற கரடி அரசமரத்தில், நியாயம் பார்க்கிற கரடி புளியமரத்தில். மூவரும் அவருடைய தம்பிகள். மரம் வேறு வேறுதானே.

தேனப்பரின் வயலில் உழுதவள் சுட்டி எருமை. முந்தாநாள்தான் கன்று போட்டிருந்தாள். அதைக் கயிறு மாட்டி ஆற்றின் கீழ்ப்பக்கம் வேறொரு வயலுக்கு ஓட்டுவதாகப் பேச்சு. சாசனத்தைத் தண்டோரா போட்டதும் நரியிடம் போனாள்.

"அய்யா, அந்த வரி எனக்கும் உண்டா?"

"கட்டப்படாத மிருகம்னு போட்டிருக்கு. உன்னைத்தான் ஏற்கெனவே கட்டியாச்சே."

"எதுக்குக் கட்டினாங்க?"

"அது சாசனத்துக்கு முந்தின விவகாரம். ஆனா உங்களை ஒண்ணும் விட்டுடல. தலை எண்ணிக்கையில சேர்த்திருக்கோம். அஞ்சு எருமைக்கு மூணு தலைன்னு கணக்கு."

"அஞ்சு பேர்ல எந்த ரெண்டு பேருய்யா இல்ல? சொன்னா அவங்க நாளைக்கு உழ வராம இருப்பாங்க."

"வாய் ஜாஸ்தி உனக்கு. எண்ணிக்கை, சபையில தேனப்பருக்கு நாற்காலி கூடுறதுக்கு. உழவுக்கு அஞ்சுன்னா அஞ்சுதான்."

சுட்டி கொஞ்ச நேரம் அசைபோட்டாள்.

"என் கன்னுக்குட்டி கழுத்துல இன்னும் கயிறு விழல. அப்ப அது கட்டப்படாத மிருகம்தானே?"

நரி ஓலையை எடுத்தது. திருப்பித் திருப்பிப் படித்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் எருமை சொன்னதுதான் சரி.

வழக்குப் போடப் படிவம் மூன்று பிரதி, வரிசையில் மூன்று நாள். நான்காம் நாள் புளியமரத்தடியில் கன்றோடு நின்றாள்.

"கன்றின் பெயர்?" என்றது நீதிபதிக் கரடி.

"இன்னும் வைக்கல சாமி. கட்டினா அவங்க வைப்பாங்க. விட்டா நான் வைப்பேன்."

நீதிபதி குறுக்கே பேசவில்லை. விடிந்ததிலிருந்து உச்சிவெயில் வரை அவளைப் பேசவிட்டது. பால் குடி மறக்காத கன்று என்றாள். யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதது என்றாள். கூட்டத்தில் இரண்டு கரடிகள் மூக்கைச் சிந்தின. நரி ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டது.

பிறகு தீர்ப்பு.

"ராஜா காலத்துல ஒரு எருமையை இவ்வளவு நேரம் யாராவது பேச விட்டிருப்பாங்களா? இதுதான் நம்ம சாசனத்தோட பெருமை. விசாரணை இல்லாமல் கட்டக் கூடாது என்பது சட்டம். விசாரணை முடிந்தது. ஆகவே கட்டலாம்."

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் கன்று கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

தீர்ப்பின் நகலைச் சுட்டிக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அவள் அதை வெகுநேரம் வாயில் வைத்திருந்தாள். விழுங்க முடியவில்லை.

நீதி: கேட்காமல் கட்டினால் கொடுங்கோல், கேட்டுவிட்டுக் கட்டினால் குடியரசு.