நானூற்றுப் பன்னிரண்டு லெட்டூஸ் இலைகள்

2024 மே மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, பகல் ஒன்று இருபது. காற்று அறவே இல்லை. சிறுமலை இருக்க வேண்டிய திசையில் வெள்ளைப் புழுதி மட்டும் நின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் யாரோ அழுதார்கள்.

மிகைப்படுத்தவில்லை. கரண்ட் போனதும் ஃப்ரிட்ஜின் உறுமல் நின்றது. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சொட்டு விழும் சத்தம். எண்ணத் தொடங்கினேன். பதினொன்று வருவதற்குள் அடுத்தது. வீட்டில் நான் ஒருவன்தான். மனைவி ஜமீலா மகளைப் பார்க்கச் செம்பட்டி போயிருந்தாள்.

உள்ளே இருந்தது லெட்டூஸ். என் மகன் ரஃபீக் பர்கர் கடை வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஒரு கல்யாண விருந்து. அதற்கு சாலட் அவன் பொறுப்பு. அது நன்றாக அமைந்தால் அந்த மண்டபத்தின் எல்லா விருந்துக்கும் இவனே சாலட் தரலாம் என்று பேச்சு. அதை நம்பித்தான் மருமகள் ஷப்னத்தின் வளையல்களை அடகு வைத்து ஒரு பெரிய ஃப்ரீஸர் வாங்கினான். அது முழுக்கக் கோழி. ஆகவே மலையிலிருந்து கொடைரோடு வழியாக வந்த ஐந்து கிலோ லெட்டூஸை, ஈரம் ஒற்றி, வெள்ளைத் துணியில் கட்டி, புதன்கிழமை மாலை என் ஃப்ரிட்ஜில் அடுக்கினான்.

"அத்தா, மொறுமொறுன்னு இருக்கணும். திறக்காதீங்க, எண்ணாதீங்க, ஒண்ணும் செய்யாதீங்க. சும்மா இருங்க, அது போதும்."

(எழுபத்தொரு வயதில் சும்மா இருப்பதற்கு ஒரு பயிற்சி வேண்டும். எனக்கு அது யாரும் தரவில்லை.)

வியாழக்கிழமை காலை அவன் சொன்ன மூன்றையும் செய்தேன். திறந்தேன். எண்ணினேன்: நானூற்றுப் பன்னிரண்டு இலை. மூன்று தட்டும் நிறைந்து, கதவை அமுக்கி மூட வேண்டியிருந்தது. ஒரு இலையின் ஓரத்தில் பழுப்பாக ஒரு புள்ளி கண்டேன். அழுகத் தொடங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். நான் முப்பத்துநான்கு வருடம் தோல் மண்டியில் கணக்கு எழுதியவன். பச்சைத் தோல் ஒரு பகல் வெயிலில் நாறிவிடும். உப்பு தடவிய தோல் மாதக்கணக்கில் கிடக்கும். இதைவிட எளிய உண்மை உலகத்தில் உண்டா? இரண்டு பொட்டலம் உப்பு வாங்கி வந்து, அடுக்கடுக்காகத் தூவி, மறுபடி கட்டி வைத்தேன். மனம் நிம்மதியானது.

மூன்று மணி நேரம்தான் அந்த நிம்மதி. இப்போது சொட்டு.

தெரிந்த துஆக்களை எல்லாம் ஓதி ஃப்ரிட்ஜின் மீது ஊதினேன். சொட்டு நிற்கவில்லை. (எனக்குத்தான் மூச்சு வாங்கியது.) தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை, நாய்கூட இல்லை. என் காலடியில் ஏதோ குளிர்ந்தது. குனிந்து பார்த்தால் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர், என்னைத் தேடி வருவதுபோல மெல்ல வந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஜமீலாவிடமிருந்து போன்.

"என்னங்க, சாப்டீங்களா? ஆமா, வீட்ல யாரு?"

"யாரும் இல்லையே."

"பின்ன யாரு அங்கன இம்புட்டு மூச்சு வாங்குறது?"

"நான்தான்."

"நீங்க இல்ல. நீங்க பேசுறப்பவும் கேட்டுச்சு."

போனை வைத்துவிட்டாள். (அது கரண்ட் வந்து ஃப்ரிட்ஜ் மறுபடி ஓடத் தொடங்கிய சத்தம் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.)

கதவைத் திறந்தேன். மூன்று தட்டு நிறைய இருந்த மூட்டைகள் இளைத்துப்போய் அடித்தட்டில் சரிந்து கிடந்தன. திருட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். தரையில் பாய் விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூடக் குறையவில்லை. எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, பொருளைக் காணோம்! முப்பத்துநான்கு வருடக் கணக்கில் இப்படி ஒரு வரவு செலவை நான் பார்த்ததே இல்லை. இலைகள் கறுத்து, மெலிந்து, ஒளி ஊடுருவும்படி ஆகியிருந்தன. கடைசி இலை என் மணிக்கட்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஈரமான சின்னக் கை ஒன்று பிடித்த மாதிரி இருந்தது. உதறிவிட்டு வாசலுக்கு ஓடி, சாயங்காலம் வரை வெயிலிலேயே நின்றேன். பிறகு எல்லாவற்றையும் அள்ளி, பழையபடி துணியில் கட்டி உள்ளே வைத்தேன்.

வெள்ளி காலை ஏழு மணிக்கு ரஃபீக்கும் ஷப்னமும் வந்தார்கள். ரஃபீக் மூட்டையைத் தூக்கினான். அதிலிருந்து வழிந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

"அத்தா, உப்பு போட்டீங்களா?"

"லேசாத்தான்."

"எம்புட்டு?"

"ரெண்டு கிலோ."

ஷப்னம் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "மாமா, இது இலை மாமா. ஆட்டுத்தோலு இல்ல."

"உப்பு போட்டா தோல்ல தண்ணி இறங்கி எடை குறையும்னு நீங்கதான அத்தா சொல்வீங்க?" என்றான் ரஃபீக். ஆமாம், சொல்வேன். ஒவ்வொரு மண்டிக் கணக்கிலும் அந்தக் கழிவை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். பேய் என்று தோன்றியதே தவிர அது தோன்றவில்லை.

அடுத்த மலை வண்டி மாலையில்தான். ஆட்டோ பிடித்து மார்க்கெட் போய் முட்டைக்கோஸ் வாங்கி வந்து மூவரும் நறுக்கினோம். விருந்தில் யாரும் குறை சொல்லவில்லை. மண்டபக்காரர் மட்டும் தட்டைப் பார்த்து, "லெட்டூஸ்னு சொன்னீகளே அப்பு" என்றார். அடுத்த வாரம் அந்த வேலை வேறு ஆளுக்குப் போனது. ரஃபீக் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொட்டுச் சத்தத்துக்குப் பயந்ததைவிட அதற்கு அதிகம் பயந்தேன்.

இப்போது எங்கள் ஃப்ரிட்ஜில் பூட்டுக்குப் பேர்போன நம் ஊரின் பூட்டு ஒன்று தொங்குகிறது. சாவி ஜமீலாவிடம். வருகிறவர்கள் உள்ளே நகை இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். குடும்பத்தில் யாராவது கொஞ்சம் மெலிந்து வந்தால் போதும், "என்ன, அத்தா உப்பு தடவிட்டாரா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நானும் சிரிப்பேன்.

லெட்டூஸ், முட்டைக்கோஸ், ஆட்டோ, பூட்டு, உப்பு எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து முந்நூறு. அத்துடன், யாரிடமும் சொல்லாமல் என் வைப்புத்தொகையை உடைத்து ஷப்னத்தின் வளையல்களை மீட்ட வகையில், வட்டியும் முதலுமாக அறுபத்தோராயிரத்து முந்நூறு. ஆக மொத்தம் அறுபத்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.