டைகருக்குக் கண் வைத்த கதை

"இது எங்கூட்டு டைகரா, இல்ல சுடுகாட்டுப் பிசாசா? நீயே பாத்துச் சொல்லு!"

செல்லம்மாள் வீசிய படம் மேசையில் சறுக்கிப் போய் இருதயராஜின் காப்பி டம்ளரில் முட்டி நின்றது. படத்தில் ஒரு கறுப்பு நாய் உட்கார்ந்திருந்தது. காது, வால், கழுத்துச் சங்கிலி எல்லாம் சுத்தமாக விழுந்திருந்தன. கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு வெள்ளை நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

இருதயராஜுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆம்பூர் பஜாரில் பன்னிரண்டு வருஷமாகப் படம் பிடிக்கிறவர் அவர். நாயைப் பகலில் கொண்டுவாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். கேட்டால்தானே? செல்லம்மாளின் புருஷன் பட்டை மண்டி கோதண்டபாணிக்கு விளக்கு வைக்கிற நேரத்தில்தான் ஒழியுமாம். தட்டில் பளிச்சென்று எரியும் மருந்தைக் கொட்டிப் பற்றவைத்து, அந்த வெளிச்சத்தில் எடுத்தால் எந்த நாய்க்குத்தான் கண் எரியாது?

"மருந்து வெளிச்சத்துல அப்படித்தாம்மா வரும். இன்னொரு தபா பகல்ல கூட்டிக்கினு வாங்க, எடுத்துத் தர்றேன்."

"எங்கருந்து கூட்டிக்கினு வர்றது? அது போன செவ்வாக்கெழமையே செத்துப்போச்சு!"

இருதயராஜ் படத்தைக் கையில் எடுத்து மறுபடி பார்த்தார்.

"படத்தக் கையில வாங்கினதும் அவருக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவ்ளோ பயம் மனுசனுக்கு! நான்தான் புடுங்கிக்கினு வந்தேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள இதச் சரிபண்ணு. அவரு வாயால 'டைகர் தெரியறான்'னு சொல்லணும். இல்லாங்காட்டி ஒண்ணாந்தேதி கடையக் காலிபண்ணிக்கினு கெளம்பு."

கடைக் கட்டடம் அவர்களுடையது. ஆகவே இருதயராஜ் மீதிக் கோபத்தை ஆறிப்போன காப்பியோடு சேர்த்து விழுங்கினார்.

கோதண்டபாணியும் டைகரும் போகும் அழகு பஜாருக்கே தெரியும். நாய் முன்னால் இழுத்துக்கொண்டு போகும். சங்கிலியைப் பிடித்தபடி மனிதர் பின்னால் போவார். தோல் பதனிட வரும் ஆவாரம்பட்டையை முன்பெல்லாம் பார்த்த மாத்திரத்தில் தரம் சொல்லிவிடுவார். இரண்டு வருஷமாக முகர்ந்தும் கடித்தும் சொல்கிறார். அப்பேர்ப்பட்ட தேர்ச்சி என்று பேரணாம்பட்டு வரைக்கும் பேச்சு.

"பட்டையக் கடிக்கிறவருக்குப் படத்தப் பத்தி இன்னா தெரியும்?" என்று மனைவி அமிர்தவள்ளியிடம் பொரிந்து தள்ளிவிட்டு, இருதயராஜ் கண்ணாடி பிளேட்டை எடுத்தார்.

பிளேட்டில் எல்லாமே தலைகீழ். படத்தில் வெள்ளையாக எரிவது இங்கே கறுப்புப் பொட்டாக இருக்கும். அந்தப் பொட்டைக் கத்தி முனையால் பூப்போலச் சுரண்டினால் வெள்ளை அடங்கிவிடும். பூப்போலச் சுரண்டுவதற்குக் கை சாந்தமாக இருக்க வேண்டும். அவருடைய கையோ செல்லம்மாளை நினைத்துக்கொண்டே சுரண்டியது. பொட்டோடு அடியில் இருந்ததும் வழித்துக்கொண்டு வந்துவிட்டது. அச்சடித்தால், கறுப்பு நாய்க்குக் கறுப்புக் குழியாக இரண்டு கண்.

'போகட்டும், எரியவில்லை அல்லவா' என்று மண்டிக் காவலாள் வேலுவிடம் கொடுத்தனுப்பினார். அரை மணியில் படத்தோடு திரும்பி வந்தான் வேலு.

"கண்ணு தெரியலயாம் சார். அய்யா இன்னொண்ணும் சொன்னாரு..."

"வாய மூடு! எனக்கே பாடம் சொல்ல வந்துட்டியா? கண்ணு தெரியணும், அவ்ளோதான? குடு இப்படி!"

இந்த முறை மெல்லிய தூரிகையை எடுத்துச் சாம்பல் நிறத்தில் கண் எழுதினார். விழி, இமை, ஓரத்தில் சின்னதாக ஒரு ஈரம். அமிர்தவள்ளி எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா உங்க பெரியப்பா பந்தியில எலை போடலன்னு மொறைச்சாரே, அதே பார்வை."

"உனக்கும் ஏத்தம் ஜாஸ்தியாப் போச்சு!" என்று அவள்மேல் எரிந்து விழுந்தார்.

பெரியப்பாவின் பார்வையோடு டைகர் மண்டிக்குப் போய், பெரியப்பாவின் பார்வையோடு திரும்பி வந்தது.

"இன்னமும் கண்ணு தெரியலயாம் சார். அந்த மொதப் படத்த..."

"மொதப் படமா? அந்தச் சனியன்தாண்டா எல்லாத்துக்கும் காரணம்!"

இருதயராஜ் நெருப்புக் கண் படத்தைத் தேடியெடுத்தார். நேராகப் பின்கட்டு அடுக்களைக்குப் போய்ச் சோற்றுப் பானைக்குக் கீழே செருகினார். அது எரிந்து சாம்பலாகும் வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தார். நான்கு நாளில் அவருக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான். வேலு பின்னாலேயே ஓடி வந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

சனிக்கிழமை முழுவதும் அவர் சாப்பிடவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இமை முடியை ஒவ்வொன்றாக எழுதினார். விழிக்குள் கோதண்டபாணி வீட்டு வாசல் தூணின் நிழலைக்கூட ஊசி முனை அளவில் இறக்கினார். பன்னிரண்டு வருஷத்தில் இப்படியொரு வேலை அவர் கையிலிருந்து வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் படத்தை மண்டிக்கு அனுப்பிவிட்டு, கோயிலுக்குப் போகாமல் கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு வேலு வந்தான். கையில் படம்.

"கண்ணு..."

"சொல்லாதே!"

"...தெரியலயாம் சார்."

இருதயராஜ் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. சுரண்டிய பிளேட்டை எடுத்து வாசல் கல்லில் ஓங்கி அடித்தார். அது சுக்குநூறாகச் சிதறியது. எதிர்க்கடை அப்துல் சமத் பாய் தராசைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"கடையக் காலி பண்றேன்! இன்னிக்கே பண்றேன்! ஆனா ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லிட்டுப் போடா. ஒவ்வொரு முடியா எழுதியிருக்கேன், இதுவுமா தெரியல? உங்க அய்யாவுக்குக் கண்ணு இருக்குதா, இல்லியா?"

வேலு தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான்.

"அதத்தான் சார் மூணு தபாவா சொல்லிக்கினு இருக்கறேன், அய்யாவுக்குக் கண்ணு தெரியல. அம்மாவுக்கே தெரியாது, நீங்களும் வெளிய சொல்லிடாதீங்க. அந்த மொதப் படத்துல மட்டும் எரியிற கண்ணு ரெண்டும் தெரிஞ்சுதாம், டைகரப் பாத்துட்டேன்னு அழுதாரு. அடுப்புல வெச்சீங்களே, அதுல இன்னொண்ணு அடிச்சுக் குடுத்தா போதும்னாரு."