கைப்பட்டைக் கோட்டை

கடற்கரைக்குக் கிளம்புகிறவன் மூன்று பேரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று எவரிஸ்தோவின் கல்யாண விருந்தில் அவருடைய ஞானத்தகப்பன் எழுந்து நின்று பேசினார். முதல் ஆள் மாமியார். மற்ற இரண்டு பேர் யாரென்பது எவரிஸ்தோவுக்கு மறந்துவிட்டது. முதல் ஆளையே விட்டுவிட்டுப் போக முடியாதவனுக்கு மிச்சம் எதற்கு?

ஈஸ்டருக்கு முந்தின ஒவ்வொரு புனித வாரமும் மெக்சிகோவின் குவாதலஹாராவிலிருந்து கடற்கரை ஊரான புவெர்த்தோ வயார்த்தாவுக்கு மனைவி ஒப்துலியாவின் குடும்பம் மொத்தமும் கூடவே வரும். இரண்டு பேருக்கென்று எடுத்த அறையில் பதினொரு பேர் படுப்பார்கள். வாசல் காவலாளியிடம் பேச்சுக் கொடுப்பது எவரிஸ்தோவின் வேலை. அந்த இடைவெளியில் மைத்துனர்கள் ஒவ்வொருவராக உள்ளே நழுவுவார்கள். மாமியார் தோன்யா எலோதியா நழுவமாட்டார். ஹோட்டல் முதலாளியைப் பெற்றவர் மாதிரி நடுவாசல் வழியாகவே நடந்து போவார். அவருக்குக் கட்டில். எவரிஸ்தோவுக்குக் குளியலறை வாசல்.

இந்த வருஷம் அவர் ஒரு முடிவோடு இருந்தார். கைப்பட்டை ஹோட்டல். போய் இறங்கியதும் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டிவிடுவார்கள். அது இருந்தால் சாப்பாடு, பீர், நீச்சல்குளம் எல்லாம் கேட்காமலே வரும். அது இல்லாதவர்கள் வாசலோடு சரி. எந்தப் பேச்சும் எடுபடாது.

"உங்கம்மாவை விட்டுட்டுப் போறது எனக்கு மட்டும் சந்தோஷமா?" என்றார், சந்தோஷத்தை மென்று முழுங்கியபடி. "பட்டை ரெண்டுதான் குடுப்பாங்களாம். நான் என்ன பண்ணட்டும்?"

"நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்," என்றாள் ஒப்துலியா. "ஹோட்டலை மட்டும் நான் பாத்து எடுக்கறேங்க. எனக்கு மணல் அகலமா இருக்கணும்."

கல்யாணமானதிலிருந்து அவர் ஜெயித்த முதல் சண்டை. மணல் எவ்வளவு அகலமாக இருந்தால் என்ன? தலையாட்டிவிட்டார்.

முதல் நாள் சொர்க்கம். தன் கட்டிலில் தானே படுத்தார். இரண்டாம் நாள் சொர்க்கத்தில் காரம் போதவில்லை. வெள்ளைக்காரர்களின் வயிற்றுக்குப் பயந்து சமைத்த சாப்பாடு. மிளகாய்ச் சட்னி என்று சிவப்பாக ஒன்று இருந்தது, அது இனித்தது. மூன்றாம் நாள் நாக்கு செத்துப்போய்ச் சாய்வு நாற்காலியில் கிடந்தார். ஹோட்டல் நாற்காலிகள் முடியும் இடத்தில் ஒரு கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் வெறும் மணல், அப்புறம் கடல்.

அந்த மணலில் ஒரு குடை முளைத்தது. பக்கத்திலேயே இன்னொன்று. அப்புறம் ஒரு மடக்கு மேஜை. அப்புறம், இரண்டு மைத்துனர்கள் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிவர, ஓர் அண்டா. அதற்குப் பின்னால், அவசரமே இல்லாமல், தோன்யா எலோதியா.

எவரிஸ்தோ காவலாளியைக் கூப்பிட்டார். "இவங்க யாருக்கும் பட்டை கிடையாதுப்பா."

"கயிறு வரைக்கும்தான் சார் ஹோட்டல். அந்தப் பக்கம் மணல் எல்லாருக்கும் பொது. எங்க முதலாளியே வந்தாலும் எழுப்ப முடியாது."

இது மெக்சிகோவில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். எவரிஸ்தோவுக்கும் தெரியும். வருஷக்கணக்கில் வாசலையே கவனித்ததில், ஹோட்டலுக்குக் கடல் பக்கம் ஒன்று இருப்பதை மறந்துவிட்டார்.

"ஒப்துலியா, இவங்க எப்படி இங்க?"

"பின்தெருவுல ஒரு ரூம் எடுத்திருக்காங்க."

"அவங்ககிட்ட எப்ப சொன்னே?"

"நீங்க ஹோட்டலுக்குத் தலையாட்டின அன்னிக்கே."

பக்கத்து நாற்காலி வெள்ளைக்காரர் தலையைத் தூக்கி ஆங்கிலத்தில் கேட்டார். "உங்க ஆளுங்களா?"

"பாத்ததே இல்லை," என்றார் எவரிஸ்தோ.

"மாப்பிள்ளை," என்று மணலிலிருந்து குரல் வந்தது. "உங்க மூலத்துக்குப் போடற மருந்தை வீட்லயே வச்சுட்டு வந்துட்டீங்களே. கையோட எடுத்துட்டு வந்திருக்கேன்."

வெள்ளைக்காரருக்கு ஸ்பானிஷ் நன்றாகவே தெரியும் என்பது அவர் குடித்துக்கொண்டிருந்தது மூக்கு வழியாக வந்ததில் தெரிந்தது.

அண்டாவின் மூடி திறந்தது. ஆட்டுக்கறி, வறுத்த மிளகாய், கிராம்பு. காற்று ஹோட்டல் பக்கமாக அடித்தது. ஒப்துலியா எப்போதோ அந்தப் பக்கம் போய்க் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். துணியில் சுற்றிய சோள ரொட்டி கைமாறிக்கொண்டிருந்தது. யாரும் எவரிஸ்தோவைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மறுத்துவிடலாமென்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கயிற்றைத் தாண்டினார்.

"உக்காரட்டுமா?"

"இங்க எங்க இடம், அத்தான்?" என்றான் மைத்துனன் பால்தோ. "கையில பட்டை போட்டவங்க மணல்ல உக்காந்தா ஹோட்டலுக்கு மரியாதையா?"

"சும்மா இருடா," என்றார் தோன்யா எலோதியா. ஒரு கிண்ணத்தில் கறியை ஊற்றினார். நல்லி எலும்பாகத் தேடி எடுத்து மேலே வைத்தார். கிண்ணத்தைத் தன் பக்கமே வைத்துக்கொண்டார். "தாராளமா உக்காருங்க மாப்பிள்ளை. பிள்ளைங்களுக்குத்தான் தொண்டை வறண்டு கிடக்கு. உள்ள பீர் கேட்காமலே குடுப்பாங்களாமே?"

"ஒரு தடவைக்கு ரெண்டு கிளாஸ்தான் தருவாங்க, அத்தை. இத்தனை பேருக்கு நான் எத்தனை தடவை நடக்கறது?"

"கறி ஆறாது," என்று கிண்ணத்தின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தார் மாமியார்.

எவரிஸ்தோ முதல் இரண்டு கிளாஸை வாங்கிவரப் போனார்.