மூன்று விராலும் ஒரு கையெழுத்தும்

பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொல்லக் கூடாது. நிதானமும் ஞாபகசக்தியும் உள்ளவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு இரண்டும் கிடையாது. இருந்தும் வாழ்க்கையில் ஒரு முறை பெரிதாக முயன்று பார்த்தேன், அதுவும் மீன்களை நம்பி.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சுற்றுச்சூழல் அறிவியலில் பட்டம் வாங்கிக்கொண்டு, வில்லியனூருக்கு வெளியே ஒரு ஜீன்ஸ் சலவைத் தொழிற்சாலையில் சுற்றுச்சூழல் அலுவலராகச் சேர்ந்திருந்தேன். (அலுவலர் என்றதும் எனக்குக் கீழே பத்துப் பேர் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கீழே ஒரு நாற்காலி இருந்தது. அதற்கும் ஒரு கால் ஆடும்.) வில்லியனூர் கடைத்தெருவில் அரிசிக் கடை வைத்திருந்த என் அத்தா, அரை கிலோ நொய் வாங்க வந்தவர்களிடம்கூட, "எம்பொண்ணு ஷமீமா ஆபீசரா இருக்குது" என்று சொல்லாமல் பையைக் கொடுக்க மாட்டார். நான் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருக்கிறேன், வேலை நிரந்தரமாகவில்லை என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

புது ஜீன்ஸைத் துவைத்துத் துவைத்துப் பழைய ஜீன்ஸாக்குவதுதான் எங்கள் தொழில். துவைத்த தண்ணீர் கருநீலமாக வெளியே வரும். அதைச் சுத்திகரிக்க நாலைந்து தொட்டிகள் உண்டு. அதில் முக்கியமான தொட்டியில் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருந்தன. அவற்றுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும், அந்தக் காற்றை ஊத ஒரு புளோயர் மெஷின் இருந்தது. சுத்தமான தண்ணீர் கடைசியாக ஒரு கண்ணாடித் தொட்டி வழியாகப் போய் வாய்க்காலில் விழும். அங்கிருந்து அது உறுவையாறு கிராமத்து வயல்களுக்குப் போகும்.

அந்தக் கண்ணாடித் தொட்டியில் மீன் விடுவது இந்த மாதிரி தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம். மீன் நீந்தினால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தம். எங்கள் தொட்டியில் பன்னிரண்டு தங்கமீன்கள் இருந்தன.

இன்னொன்றையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தப் புளோயர், வெளியாட்கள் வரும் நாட்களில் மட்டும்தான் முழுநேரம் ஓடும். மற்ற நாட்களில் பேருக்கு ஒரு மணி நேரம். கரண்டு மிச்சம் பிடிக்க வேண்டும் என்பது மேனேஜரின் கொள்கை. "பார்க்கறதுக்கு ஆள் இல்லாதப்ப மெஷின் யாருக்கும்மா ஓடணும்?" என்று கேட்பார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், தினமும் ஓடியது என்று எழுதிய மாதாந்திரப் படிவத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே ஐந்து முறை போட்டிருந்தேன்.

எங்கள் ஜீன்ஸை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, தொழிற்சாலையைச் சோதிக்க ஓர் ஆடிட்டரை அனுப்பப்போவதாகத் தகவல் வந்தது. இந்தச் சோதனை நல்லபடியாக முடிந்தால் என் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொன்னார். முடியாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தொழிற்சாலையே திருவிழாவுக்குத் தயாராவது மாதிரி தயாரானது. தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். வாடகைக்குக் குரோட்டன்ஸ் செடித் தொட்டிகள் வந்து இறங்கின. எங்கள் சுற்றுச்சூழல் கொள்கை என்று ஆங்கிலத்தில் பெரிய போர்டு ஒன்றை வாசலில் மாட்டினோம். படிக்க வேண்டிய தொழிலாளிகளில் ஒருவருக்கும் அது புரியாது.

ஆடிட்டர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால், கண்ணாடித் தொட்டித் தண்ணீர் லேசாக நீலம் பாரித்திருந்தது. ஐந்து மாதம் மூச்சுத் திணறிய நுண்ணுயிர்கள் ஒரே நாளில் எழுந்து உட்கார்ந்து வேலை பார்க்குமா? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் படித்த பெண் அல்லவா, மூளை மட்டும் ஓடியது. பிளீச்சிங் பவுடரை மூன்று மக்கு அள்ளி முந்தின தொட்டியில் கொட்டினேன். தண்ணீர் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். (பிளீச்சிங் பவுடர் மீனைக் கொல்லும் என்பது என் இரண்டாம் ஆண்டுப் பாடம். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.)

காலை எட்டு மணிக்கு உள்ளே நுழையும்போதே தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தோணி அண்ணன் எதிரே வந்தார். காட்டேரிக்குப்பத்துக்காரர், எதையும் பதறாமல் சொல்வார்.

"மீனுங்கல்லாம் மல்லாந்துகினு கெடக்குதும்மா."

"எல்லாமுமா?"

"ஒண்ணு மட்டும் நீந்துது. அதுக்கு இன்னும் வெசயம் தெரியல போல."

பதினொரு மீன்கள் மிதந்தன. வால் கிழிந்த ஒரே ஒரு தங்கமீன் மட்டும் மூலையில் விடாப்பிடியாக உயிரோடு இருந்தது. செத்ததை எல்லாம் அள்ளி, யாரும் பார்ப்பதற்குள் ஒரு வாடகைக் குரோட்டன்ஸ் தொட்டியில் புதைத்தேன். தொட்டித் தண்ணீரையும் மாற்றினோம். அந்த ஒற்றை மீனைப் பார்த்துவிட்டு மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு மீன் இருந்தா, மிச்சமெல்லாம் எங்கேன்னு கேக்க மாட்டானா? ஓடு, பத்து மணிக்கு ஆளு வந்துடுவான், அதுக்குள்ள தொட்டி நெறையணும்."

தங்கமீன் விற்கும் கடை பத்து மணிக்கு மேல்தான் திறக்கும். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வில்லியனூர் மீன் மார்க்கெட்டுக்குப் பறந்தேன். அங்கே உயிரோடு இருந்தது ஒரு அக்காவின் அன்னக்கூடையில் கிடந்த நான்கு விரால்கள் மட்டும்தான். ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம் இருந்தது.

"குழம்புக்கா, வறுக்கறதுக்கா?" என்று கேட்டுக்கொண்டே அந்த அக்கா அரிவாள்மனையை இழுத்தார்.

"ஐயோ, வெட்டாதீங்க! உசுரோட வேணும்."

"உசுரோடயா? இன்னாத்துக்கு?"

"நீந்தறதுக்கு."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கொண்டு போ. இது எதுல போட்டாலும் சாவாது" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

பெயிண்டு பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி, விரால்களை விட்டு, என் துப்பட்டாவால் வாயைக் கட்டி, ஸ்கூட்டியில் காலிடுக்கில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. விராலுக்குக் காத்திருக்கும் பழக்கம் இல்லை. ஒன்று துப்பட்டாவை முட்டிக்கொண்டு எகிறி ரோட்டில் விழுந்தது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், "யக்கா, உங்க மீனு எறங்கிப் போவுது!" என்று கத்தினார். நான் ஹெல்மெட்டோடு அதன் பின்னால் தவழ்ந்தேன். கேட்டில் நின்ற அத்தனை பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், ஒருவரும் கை வைக்கவில்லை. அது நெளிந்து நெளிந்து ஓரத்துப் பள்ளத்துத் தண்ணீரில் இறங்கிப் போய்விட்டது. அன்றைக்கு எங்கள் கூட்டத்தில் புத்தியோடு நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

மீதி மூன்றோடு பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தேன். தொட்டியில் விட்டதும் நிறைந்த மாதிரி இருந்தது. எனக்குப் பெருமூச்சு வந்தது.

வெள்ளைக்காரர் வருவார் என்று எதிர்பார்த்து ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வந்தவர் தோளில் ஜோல்னாப் பையோடு, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தார். நேராகக் கண்ணாடித் தொட்டியின் முன்னால் குனிந்தார்.

"இன்னாம்மா, வெறாலா? எனக்குப் பாகூரு. ஏரிக்கரையிலதான் வூடு" என்றார்.

மனப்பாடம் செய்ததை மட்டும் எப்படியோ ஒப்பித்தேன்: இந்த மீன்கள்தான் எங்கள் தண்ணீரின் தூய்மைக்குச் சாட்சி. நான் சொல்லி முடிக்கவும், மூலையில் ஒளிந்திருந்த அந்த வால் கிழிந்த தங்கமீன் நடுவுக்கு வரவும் சரியாக இருந்தது. பெரிய விரால் ஒன்று அலட்டிக்கொள்ளாமல் திரும்பி, வாயைத் திறந்து, லபக்கென்று அதை விழுங்கியது. கிழிந்த வால் மட்டும் கொஞ்ச நேரம் விராலின் வாயோரம் ஆடிவிட்டு உள்ளே போனது.

மேனேஜர்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார். "இயற்கையான உணவுச் சங்கிலி சார். நாங்க அதையும் ஊக்குவிக்கிறோம்."

ஆடிட்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சாட்சிய சாட்சியே முழுங்கிடுச்சேம்மா. வெறாலு மேல வந்து காத்தக் குடிக்கிற மீனு. சேத்துல பொதைச்சி வெச்சாலும் கெடக்கும். இத வெச்சி தண்ணி நல்லாருக்குதுன்னு நான் எப்பிடி எழுதறது?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் எதையாவது உளறிச் சமாளித்திருப்பேன். அவர் சொந்தக்காரர் வீட்டில் குசலம் விசாரிப்பது மாதிரி கேட்டார். நான் ஓவென்று அழுதுவிட்டேன். அழுதுகொண்டே பிளீச்சிங் பவுடரைச் சொன்னேன், புளோயரைச் சொன்னேன், ஐந்து கையெழுத்தையும் சொன்னேன். சொன்னது போதாதென்று குரோட்டன்ஸ் தொட்டியைக் கிளறி பதினொரு மீன்களையும் எடுத்துக் காட்டினேன். (அதை அவர் கேட்கவே இல்லை.) அவர் தானே மூன்று பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "அந்த மூணு மீனையும் எடுத்துகினு நீயும் வூட்டுக்குக் கெளம்பு."

அதே பக்கெட், அதே துப்பட்டா. மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மாவுக்கு மீன்தான் முதலில் கண்ணில் பட்டது. "வெறாலா! இம்மாம் பெருசா!" என்று மிளகாய் அரைக்க உட்கார்ந்துவிட்டார். சாப்பிட வந்த அத்தா என் முகத்தைப் பார்த்தார், பக்கெட்டைப் பார்த்தார், நடந்ததைக் கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். அம்மாவின் கை அம்மியிலேயே நின்றுவிட்டது.

"அப்ப இது உங்க கம்பெனி தண்ணியில கெடந்த மீனா?" என்றார் அம்மா.

"ரெண்டு மணி நேரந்தாம்மா."

"தண்ணி நல்லாருக்குதுன்னு நீதான கையெழுத்து போட்ட?" என்றார் அத்தா. "அப்ப ஆக்கச் சொல்லு. நீ மொதல்ல துன்னு."

நான் பக்கெட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

"துன்ன மாட்ட, இல்ல?" அத்தா குரலை உயர்த்தவே இல்லை. "அந்த வாய்க்கா உறுவையாத்து நெலத்துக்குத்தான போவுது? அந்த நெல்லுதானம்மா நம்ம கடையில அரிசியா வருது. அத ஊருக்கே அளந்து போடறன். உன்ன ஆபீசர்னு சொல்லிச் சொல்லிப் போடறன்."

வேலை போனதற்குக்கூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அன்றைக்குத் தட்டில் போட்ட சோற்றை நாங்கள் மூவரும் பிசைந்துகொண்டே இருந்தோம். அது உறுவையாற்று அரிசிதான். சாயங்காலம் அத்தாவே விரால்களைக் கொண்டுபோய்ப் பக்கத்து ஏரியில் விட்டுவிட்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்து மேனேஜரே போன் செய்தார். குரலில் சர்க்கரை சொட்டியது. ஆடிட்டர் தன் அறிக்கையில் எங்களைத் தேர்ச்சி என்றும் எழுதவில்லை, தோல்வி என்றும் எழுதவில்லை. ஒரு மாதம் கழித்துத் திரும்ப வருவேன், அதுவரை மீன் தொட்டி கூடாது, அங்கே நம்பும்படியாக இருந்தது அழுத அந்தப் பெண் மட்டும்தான், அவள்தான் என்னிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாராம். (அழுகையால் வேலையைத் திரும்ப வாங்கிய ஒரே சுற்றுச்சூழல் அலுவலர் நானாகத்தான் இருப்பேன்.) புளோயர் நிற்காமல் ஓடினால் வருகிறேன் என்று சொன்னேன். சொல்லும்போது கால் நடுங்கியது, நல்லவேளையாகப் போனில் கால் தெரியாது. அந்த மாதம் முழுக்க அந்தோணி அண்ணனும் நானும் மாற்றி மாற்றி அந்த மெஷின் பக்கத்திலேயே கிடந்தோம். ஆடிட்டர் வந்து தண்ணீரைப் பிடித்துப் பார்த்தார், தேர்ச்சி என்று எழுதினார். என் வேலையும் நிரந்தரமானது.

இதெல்லாம் முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது எனக்குப் புருஷனும் ஒரு மகளும் உண்டு. கல்யாணமான மறுவாரமே அம்மா என் புருஷனிடம் இந்தக் கதையை ரயில்வே கேட்டைக்கூட விடாமல் சொல்லிவிட்டார். அவர் என் மகளிடம் சொன்னார். அவள் பள்ளிக்கூடத்தில் சொன்னாள். நேற்றைய கத்தரிக்காய்க் குழம்பைச் சுட வைத்து நான் இன்றைக்குக் கொண்டு வைத்தால் போதும், ஏழு வயதுப் பெண் மோந்து பார்த்துவிட்டு, என் அத்தாவின் குரலிலேயே கேட்கிறாள்:

"ம்மா, இது துன்றதுக்கா, கையெழுத்து போடறதுக்கா?"

நான் முதலில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, மென்று, விழுங்கிக் காட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் எங்கள் வீட்டில் மற்ற கைகள் தட்டுக்கு வரும்.