எண்பத்தேழுக்கு நான் அளவுகோலாக நின்ற கதை

ஒரு மனிதனை அடிக்காமல், வையாமல், வெறுமனே வெயிலில் நிற்கவைத்தே பைத்தியமாக்க முடியும் என்று உலகுக்கு நிரூபித்தவர் எங்கள் குடியிருப்பின் எண்பத்தேழு. நிரூபிக்க அவருக்குக் கிடைத்த ஆள் நான். இதை எழுதும்போதுகூட எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

அம்பத்தூர் மேனாம்பேட்டில் எங்கள் அடுக்ககம். நான் சங்கச் செயலாளர். தண்ணீர் லாரி வராத நாளில் எல்லோரிடமும் திட்டு வாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட பதவி அது. அவர் நாலாம் மாடி. கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது வாடகை ஒப்பந்தத்தோடு சரி. பொம்மை ரயில்தான் அவர் உயிர். நிஜ ரயிலை எண்பத்தேழால் வகுத்தால் வருகிற அளவு. ரயிலோடு நிறுத்திக்கொண்டாரா? கண்ணில் பட்டதையெல்லாம் வகுத்தார், எங்களுக்கு எண்பத்தேழு ஆனார்.

ஒருநாள் காலை தண்ணீர் இல்லை. நாற்பது குடும்பம் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இவர் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்ம டேங்க் மூணரை சென்டிமீட்டர்தான் சார் வரும்" என்கிறார். அந்த இடத்திலேயே அறைந்திருக்க வேண்டும். செயலாளர் என்பதால் விட்டேன்.

மொட்டை மாடியில் சங்கத்துக்கு ஓர் அறை உண்டு. "ஒரு வாரம் சார்" என்று என்னிடம் கேட்டு அதில் தண்டவாளம் போட்டார். அந்த ஒரு வாரம் வருடத்தைத் தாண்டியது. பொருளாளருக்கு அந்த அறையில் ஜிம் வைக்க ஆசை. தொப்பையைத் தட்டிக்கொண்டே கூட்டத்தில் எழுந்தார். "பொம்மைக்கு ஏசி ரூம், மனுஷனுக்கு மூச்சிரைப்பா?" கடைசியில் தீர்மானம் ஆயிற்று. ஆயுத பூஜையன்று ரயிலை ஓட்டி எல்லோருக்கும் காட்ட வேண்டும். கை தூக்கச் சொல்வோம். பெரும்பாலோருக்குப் பிடித்தால் அறை அவருக்கு. பிடிக்காவிட்டால் மறுநாளே ஜிம்.

ரயில், பிளாட்பாரம், கேட் எல்லாம் தயார். பின்னால்தான் வெறும் வெள்ளைச் சுவர்.

"பின்னாடி தெரு இல்லாட்டி இது அம்பத்தூரே இல்ல சார், ஆகாசம்" என்றார். ரயில் பாதையை ஒட்டியிருக்கும் கடைகளை எதிரே நின்று படமெடுத்து, எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி, அச்சடித்துச் சுவரில் ஒட்டவேண்டுமாம். அதற்கு ஒவ்வொரு படத்திலும் ஏதாவது ஒன்றின் நிஜ உயரம் தெரியவேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

எங்கள் பக்கம் கடை வாசலில் எவனாவது டேப்பை நீட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அரை மணியில் எனக்குப் போன். ஓடிப்போய்ப் பார்த்தால் டீ மாஸ்டர் இவர் சட்டைக் காலரைப் பிடித்திருக்கிறார்.

"இன்னாத்துக்கு அளந்துகினு கீறே? ரோடு அகலம் பண்ண வந்தியா? கடைய இட்ச்சிட்டா நான் எங்க போவேன்?"

"அளக்கலண்ணே, வகுக்கறேன்" என்கிறார் இவர்.

இந்தப் பதிலுக்குக் கூட்டம் இரண்டு மடங்கானது. கையைக் காலைப் பிடித்து மீட்டு வந்தேன். வழியில் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், உங்க உயரம்?"

"அஞ்சு எட்டு" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"போதும் சார். நீங்க கடை வாசல்ல நில்லுங்க. படத்துல உங்களை ரெண்டு சென்டிமீட்டருக்குச் சுருக்கிட்டா கடை தானா அளவுக்கு வந்துடும். அப்புறம் உங்கள அழிச்சிடலாம்."

அழித்துவிடுவாராம்! ஞாயிற்றுக்கிழமைதோறும் டீக்கடை, டயர் கடை, பிரியாணிக் கடை, கல்யாண மண்டபம் என்று வாசல் வாசலாக நின்றேன். "கழுத்த நீட்டாதீங்க சார். செருப்பு உயரத்தக் கூட்டும், கழட்டிடுங்க." தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்று பாருங்கள், தெரியும். போகிறவன் வருகிறவனெல்லாம் நின்று, "போஸ்டருக்கா சார்? எந்தக் கட்சி?" என்று கேட்டான். ஏன் போனேன் என்கிறீர்களா? இவர்மேல் எனக்கிருந்த கோபத்தைவிடப் பொருளாளரின் தொப்பைமேல் இருந்த கோபம் அதிகம்.

படங்களை அச்சடித்து ஒட்டியும் ஆயிற்று. பூஜைக்கு இரண்டு நாள் முன்பு வாசல் மணி அடித்தது. எழவு விழுந்த முகத்தோடு எண்பத்தேழு நின்றார்.

"எல்லாம் போச்சு சார். டீக்கடை ஷட்டர் ஏழடின்னு மாஸ்டரே பேச்சுவாக்குல சொன்னார். நம்ம படத்துல அது முக்கால் மில்லிமீட்டர் அதிகமா இருக்கு."

"முக்கால் மில்லிமீட்டரா? எறும்புக்குக்கூடத் தெரியாதேய்யா!"

"எனக்குத் தெரியுதே சார். அளவு தப்பான ஊர்ல நான் ரயில் விடமாட்டேன். அறையப் பொருளாளரே எடுத்துக்கட்டும்."

அவ்வளவுதான். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. என் உள்ளங்கால் கொப்புளம் பொருளாளரின் ஜிம்முக்கா? எண்பத்தேழையும் இழுத்துக்கொண்டு பிரிண்ட் கடைக்குப் போனேன். நுழையும்போதே கத்தினேன்.

"யோவ், தாள் நிறையற மாதிரி படத்த இழுத்துட்டியா? முக்கால் மில்லிமீட்டர்யா! உனக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?"

கடைக்காரர் டீயைக் கீழே வைத்தார். "இன்னா அண்ணாத்தே, முன்னல்லாம் அவர் ஒர்த்தர்தான் இப்டி. இப்ப நீங்களுமா?" மீதமிருந்த தாளை எடுத்து, ஓரத்தில் அளவுக்காகப் போட்டிருந்த பத்து சென்டிமீட்டர் கோட்டில் ஸ்கேலை வைத்தார். கோடு சரியாகப் பத்து. "என் மிஷின் கரீட்டாகீது. அளவுக்கு நின்னாரே, அந்த ஆளு கரீட்டா?"

இருவரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

கடைச் சுவரில் சாய்த்து நிற்கவைத்து, தலைக்குமேல் அட்டையை வைத்துக் கோடு கிழித்தார்கள். ஐந்தடி ஆறங்குலம். இன்னொரு முறை அளக்கச் சொன்னேன். அதே ஆறு. கடைக்காரர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரனும் வந்து பார்த்துவிட்டுப் போனான்.

நான் எங்கே என்னை அளந்தேன்? பெண் பார்த்த காலத்தில் தரகர் ஜாதகத்தோடு எழுதிக் கொடுத்த உயரம் அது. மாப்பிள்ளை என்றால் இரண்டு அங்குலம் கூட்டி எழுதுவது அவர்கள் வழக்கம். அதை நம்பியே இத்தனை வருடம் நிமிர்ந்து நடந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து தரகரைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். மனைவி வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும். மாலை போட எக்க வேண்டியே வரலையே."

எண்பத்தேழு என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் ஆத்திரம். ஊர் முழுவதையும் கொஞ்சம் சுருக்கி மறுபடி அச்சடித்து, பூஜையன்று காலைவரை ஒட்டினார். பசைக் கிண்ணத்தோடு நானும் நின்றேன், திட்டிக்கொண்டே.

சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். டீ மாஸ்டரையும் கூப்பிட்டிருந்தார். ரயில் விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பி, டயர் கடையையும் மண்டபத்தையும் தாண்டி ஓடியது. மாஸ்டர் குனிந்து தன் கடையையே வெகுநேரம் பார்த்தார்.

"இடிக்க வந்தான்னு நென்ச்சேன் நைனா. கட்டிகினு கீறான்" என்றார். கைகள் உயர்ந்தன. பொருளாளர் கையும் பாதி உயர்ந்தது. மூச்சிரைத்ததால் மீதி உயரவில்லை என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் கவனித்தேன். டீக்கடை ஷட்டருக்குப் பக்கத்தில், வெறுங்காலோடு, கண்ணைச் சுருக்கி, கடுகடுவென்று நான் நின்றிருந்தேன்.

"ஏம்ப்பா, என்னை அழிக்கல?"

"மத்த எல்லாத்துலயும் அழிச்சிட்டேன் சார். இங்க மட்டும் மனசு வரல. நீங்க நிக்கலேன்னா இந்தத் தெருவே இல்லியே."

போன வருடம் அவர் வேலை மாறி ஓசூருக்குப் போய்விட்டார். ரயிலையும் தண்டவாளத்தையும் பெட்டிகளில் அடுக்கி எடுத்துக்கொண்டார். சுவரில் ஒட்டியது ஒட்டியதுதான். அறை ஜிம்மாகிவிட்டது. சுவரில் நிற்கும் என் எதிரில்தான் பொருளாளர் ஓடி வியர்க்கிறார். சுவருக்கு வெள்ளையடிக்கலாம் என்று போன கூட்டத்தில் வாயெடுத்தார்.

நான் செயலாளராக இருக்கும்வரை எவன் அந்தத் தெருவில் கை வைக்கிறான் பார்க்கிறேன். என்னைச் சரியான உயரத்தில் பார்த்த ஒரே ஆள் போட்ட தெரு அது.