கப்பி மீன் முட்டையிட்ட கதை

விலங்கியலில் முதல் வகுப்பில் தேறியவள் நான். சான்றிதழ் இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. மீன் தொட்டி இருக்கிற வீட்டுக்குப் போனால் மட்டும் இந்த விவரத்தை வெளியே விடமாட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். அப்பாவுக்கு மைன்ஸில் வேலை என்பதால் திருநெல்வேலியிலிருந்து நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை குடும்பம் முத்தாண்டிக்குப்பம். அவரைப் பெரியம்மா என்று கூப்பிடச் சொல்லித்தான் அம்மா பழக்கினாள். நான் விடாப்பிடியாக அத்தை என்றே கூப்பிட்டேன். (பெரியம்மா என்றால் அவர் மகன் செல்வராசு எனக்கு அண்ணனாகிவிடுவாரே! அந்த அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது. மீன் விஷயத்தில்தான் இல்லை.)

செல்வராசுவுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் தன் மீன் தொட்டியைத் தூக்கிவந்து எங்கள் வராந்தாவில் வைத்தார். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து அவரே செய்தது. உள்ளே ஏரியிலிருந்து பறித்த வேலம்பாசி, வண்ண வால் விசிறிக்கொண்டு இரண்டு கப்பி மீன்.

"ஜுவாலஜி படிக்கிறீங்க. நீங்க பாத்துக்குவீங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை ஒரு மாதம் மென்றேன்.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாரம் ஒரு இன்லேண்ட் லெட்டரோடு வருவார். "நேரத்துக்குத் துன்னுகினு இருக்கியான்னு கேளு. மழையில நனஞ்சிகினு திரியாதன்னு எழுது" என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கடைசியில் இரண்டு விரல் இடம் மிஞ்சும். அதில் 'பி.கு: மீன்கள் நலம்' என்று எழுதுவேன். செல்வராசுவின் பதிலில் கடைசி வரி, 'உமாவிடம் மீனைக் கேட்டதாகச் சொல்லவும்.' அத்தைக்குப் படித்துக் காட்டுகிற சாக்கில் அதை இரண்டு தரம் வாசிப்பேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை அனுப்ப அந்த இரண்டு விரல் இடத்தை விட்டால் வேறு வழி இல்லை.

ஆனால் இரண்டு மீன்களிடம் எத்தனை செய்திதான் இருக்கும்? ஐந்தாவது கடிதத்தில் எனக்கே அலுத்துவிட்டது. அந்த வாரம்தான் பாசி இலையில் வெந்த ஜவ்வரிசி மாதிரி வழவழவென்று ஒரு துளி ஒட்டியிருந்தது. உள்ளே பத்துப் பதினைந்து புள்ளிகள். லென்ஸை வைத்துப் பார்த்தேன். மூன்றாம் வருட மாணவி அல்லவா? அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். 'பி.கு: கப்பி முட்டையிட்டிருக்கிறது!'

பதிலில் எனக்கு மூன்று வரி வந்தது. எத்தனை முட்டை, எப்போது பொரியும், தாய் மீன் சுகமா? (தாய் என்று நானே ஒன்றை நியமித்து அதற்குத் தனிக் கவனிப்பு நடந்துகொண்டிருந்தது.) புள்ளிகள் உள்ளே மெல்லச் சுழல்வதைப் பார்த்து, 'குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே நீச்சல் பழகுகின்றன' என்று எழுதினேன். ஐந்து வரி வந்தது.

பொரிந்தன. கடுகு கடுகாகக் கண்ணாடியில் ஊர்ந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஓடு. மறுநாள் கொம்பு வேறு நீட்டின. நத்தைகள்! மீன் வளர்ப்பவர்கள் கண்ட இடத்தில் நசுக்கிப் போடுகிற பொடி நத்தை. ஏரிப் பாசியோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

அன்றே உண்மையை எழுதியிருக்கலாம். எழுதினால் மறுபடியும் 'மீன்கள் நலம்', மறுபடியும் ஒரு வரி. எனக்கு மனம் வரவில்லை. தொட்டியைப் பின்னறைக்கு மாற்றி, 'குஞ்சுகளுக்கு வெளிச்சம் ஆகாது' என்று திரை போட்டேன். பாடப் புத்தகத்தை வைத்து ரகம் பிரித்தேன். முறுக்குப் போலத் தட்டையாகச் சுருண்டது ஒன்று, முனை கூராக நீண்டது இன்னொன்று. வேகவைத்த கீரை போட்டேன். ஓடு கெட்டிப்பட சாக்பீஸ் துண்டு போட்டேன். ஞாயிறுதோறும் நத்தைகளை எண்ணி, அதே எண்ணிக்கையை மீனாக எழுதினேன். (பொய்யிலும் துல்லியம் வேண்டும்.) அறுபதைத் தொட்டபோது, தீபாவளிக்கு வருவதாகக் கடிதம் வந்தது.

அவர் வருகிற அன்று மத்தியானமே அத்தை பிளாக் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். "எம்புள்ள மீனு அறுவது குஞ்சு பொரிச்சிக்கீதுடி, வந்து பாருங்க!" நான் தடுப்பதற்குள் திரையை இழுத்துவிட்டார்.

"இன்னாடி இது, கண்ணாடிக்கு அம்மை போட்டாப்பல கீது?" என்றாள் ஒருத்தி.

அத்தை குனிந்து பார்த்தார். "அய்ய, நத்த! எங்கூருல வாத்துக்குப் போடுவமே, அது!"

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து டிபன் கேரியரோடு உள்ளே வந்த அப்பா எட்டிப் பார்த்தார். "ஏட்டி, மூணு வருசம் படிச்சும் மீனுக்கும் நத்தைக்கும் வித்தியாசம் தெரியலையாட்டி?"

சிரிப்பு பிளாக் முழுக்கக் கேட்டிருக்கும். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் செல்வராசு வந்து நின்றார். தோளில் பை, கையில் பிளாஸ்க். தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

கூட்டம் கலைந்ததும் பிளாஸ்க்கைத் திறந்து காட்டினார். உள்ளே கண்ணிமை முடி நீளத்துக்குக் கப்பிக் குஞ்சுகள், இருபது இருக்கும்.

"மூர் மார்க்கெட்ல வாங்கினேங்க. வழியெல்லாம் மூடியத் தொறந்து தொறந்து மூடிகினே வந்தேன். யாரும் பாக்கறதுக்கு முன்ன தொட்டியில வுட்டுடலாம்னு. பஸ்சு லேட்டாயிடுச்சு."

"நத்தைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கப்பி முட்ட போடாதுங்க, குட்டிதான் போடும். அதுவும் உங்ககிட்ட குடுத்தது ரெண்டுமே ஆணு."

"அப்ப எதுக்கு லெட்டருக்கு லெட்டர் கேட்டீங்க?"

அவர் நிமிர்ந்தார். வாசற்படியில் அத்தை நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. கண் பிளாஸ்க்கின் மேல் இருந்தது. "வா ராசு, காப்பி ஆறிப்போவுது" என்றார்.

அடுத்த வாரம் இன்லேண்ட் லெட்டர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எதிர் வீட்டு டீச்சர் எழுதித் தருகிறாராம், அம்மா சொன்னாள். தை பிறந்ததும் காடாம்புலியூரில் செல்வராசுவுக்குக் கல்யாணம். பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நெய்வேலியில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் அளந்துவிட்டால் "கப்பி முட்டை போட்டுடுச்சா?" என்று கேட்பார்கள். வந்து ஆறு மாதமான மருமகள்கூடக் கேட்கிறாள். விருந்தாளிகள் வந்தால் என் கணவர்தான் கதையை ஆரம்பிப்பார். அப்பாவின் குரலிலேயே "ஏட்டி!" என்று முடிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். கதை அதோடு முடிந்தது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். பிளாஸ்க்கைப் பற்றி நான் சொன்னதே இல்லை.